போர்க்காலத்தில் பிறந்த பாட்டும் சிரிப்பும்



ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கெடாத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் பாயும் சாக்கும் கொண்டுவந்து இடம் பிடித்துவிடுவார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள்கூடத் தூக்கத்தை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். படம் பழையதாக இருக்கும். நடுநடுவே அறுந்தும் போகும். ஆனாலும் கோமாளி வேலைக்காரன் வந்து நின்றவுடன் திடலே குலுங்கிச் சிரிக்கும்.

அப்படிச் சிரிக்க வைத்த பழைய படங்களில் சில எப்போது எடுக்கப்பட்டவை? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது ஒருவன் உட்கார்ந்து நகைச்சுவைப் படம் எடுப்பானா என்று கேட்கத் தோன்றும். எடுத்தார்கள். மக்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் என்ன, அந்தச் சிரிப்பு இன்றும் பழசாகாமல் இருப்பது எதனால் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்றே சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தின்மீது குண்டுகள் விழுந்தன. 11ஆம் நாளிலிருந்து 13ஆம் நாள்வரை ஜித்ராவில் போர் நடந்தது. அதில் தோற்ற பிரிட்டிஷ் படை தெற்கே பின்வாங்கியது. நேற்றுவரை அசைக்க முடியாதவர் என்று நாம் நினைத்திருந்த துரை, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினார். தோட்டத்து மக்கள் லயத்திலேயே விடப்பட்டனர்.

அதே டிசம்பர் மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரு படம் வெளிவந்தது. அதன் பெயர் ‘சபாபதி’. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்த இந்தப் படத்துக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் மூலம். டி. ஆர். ராமச்சந்திரன் எசமானாகவும், காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். எசமானின் பெயரும் சபாபதி. வேலைக்காரனின் பெயரும் சபாபதி. எசமான் பணக்கார வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடப் பரீட்சையில் தேறாதவன். வேலைக்காரனோ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்பவன். இந்த வகைச் சிரிப்பை விளக்க நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். இது படத்தில் வருவதன்று. ‘விளக்கை அணை’ என்று எசமான் சொன்னால், வேலைக்காரன் போய் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். சொன்னவன் தலையில் அடித்துக்கொள்வான். பார்க்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

இதில் வெறும் கோமாளித்தனம் மட்டும் இருப்பதாக நினைக்கவேண்டாம். இருவருக்கும் ஒரே பெயர் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. வேலைக்காரன் மண்டு என்று சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள், அவனை அதட்டும் எசமானும் அதே அளவு மண்டுதான் என்று தெரிந்துவிடுகிறது. பணம் ஒன்றுதான் வித்தியாசம். தோட்டத்தில் துரையைப் பார்த்தோ கிராணியைப் பார்த்தோ வாய்விட்டுச் சிரிக்க யாரால் முடியும்? வேலை போய்விடும். ஆனால் திடலின் இருட்டில், திரையில் தெரியும் எசமானைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். அந்தச் சிரிப்புக்கு யாரும் கூலியைப் பிடித்துக்கொள்ள முடியாது.

அடுத்து, போர் படத்தொழிலை என்ன செய்தது என்று பார்ப்போம். படம் பிடிக்கும் பிலிம் சுருள் இந்தியாவில் அப்போது செய்யப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். போரினால் கப்பல் போக்குவரத்து சுருங்கியது. ஆகவே, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு 1942ஆம் ஆண்டில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பேசும் படத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி பிலிம் ஓடும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்கு முன் தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். முப்பது நாற்பது பாட்டுகள் வருவதும் உண்டு. இப்போது வளவளவென்று இழுக்க வழியில்லை. பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. நின்ற பாட்டுகள் நெஞ்சில் நிற்க வேண்டியவை ஆயின. நகைச்சுவையும் நறுக்குத் தெறித்தாற்போல அமையவேண்டியிருந்தது. சமையலில் எண்ணெய் குறைந்த காலத்தில் கைப்பக்குவம் கூடுவதைப் போல, இந்தத் தட்டுப்பாடும் ஒரு விதத்தில் நன்மையே செய்தது.

அந்தக் காலத்து நகைச்சுவைக்குத் தலைவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவருக்கு ஈடுகொடுத்து நடித்தவர் அவருடைய துணைவியார் டி. ஏ. மதுரம். கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடும் நகைச்சுவைப் பகுதியைக் கலைவாணர் தாமே அமைத்துக் கொடுப்பார். அது படத்தோடு சேர்க்கப்படும். இதனால் ஒரு வசதி உண்டாயிற்று. முழுக் கதையும் மறந்துபோனாலும் அந்தப் பகுதி மட்டும் தனியே நினைவில் நிற்கும். திடலில் பார்த்ததை மறுநாள் பால் மரத்தடியில் நடித்துக் காட்டலாம். இன்னொன்றையும் பெண்கள் கவனித்திருப்பார்கள். அவர் ஒன்று சொன்னால் மதுரம் அம்மையார் பதிலுக்கு ஒன்று சொல்வார். பேச்சில் பல நேரம் வெல்பவரும் அம்மையார்தான். வீட்டில் வாய் திறக்காத பெண்ணும் அதைக் கண்டு உள்ளூர மகிழ்ந்திருப்பாள்.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகர், டி. ஆர். ராஜகுமாரி, கலைவாணர், மதுரம் ஆகியோரும் நடித்தனர். பாட்டு பாபநாசம் சிவனுடையது. பெற்றோரை உதறித் தள்ளிய மகன், காலை இழந்து அறிவு பெற்று, அவர்களுக்குத் தொண்டு செய்யும் கதை அது. சென்னை பிராட்வே கொட்டகையில் இந்தப் படம் 110 வாரம் ஓடியது. 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. பிலிம் தட்டுப்பாட்டால் புதுப் படங்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் வேறு படம் இல்லை என்பதற்காக மட்டும் மக்கள் இரண்டு ஆண்டு வரிசையில் நிற்கமாட்டார்கள்.

இதில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. படம் ஓடத் தொடங்கிய சில வாரங்களில், 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டனர். 1947ஆம் ஆண்டில்தான் இருவரும் விடுதலை பெற்றனர். திரையில் ஒருவர் பாடினார், ஒருவர் சிரிக்க வைத்தார். அதே நேரத்தில் இருவரும் சிறையில் இருந்தனர்.

அப்போது கெடாவில் இருந்த நம்மவர் நிலை என்ன? தமிழ்நாட்டுக் கப்பல் நின்றுபோயிற்று. கடிதம் இல்லை, புதுப் படமும் இல்லை. ஜப்பானிய ஆட்சி 1943ஆம் ஆண்டில் ஆங்கிலப் படங்களுக்கும் தடை விதித்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. கையில் வாழைமரம் அச்சிட்ட நோட்டு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள். அந்த வண்டிகள் சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகத்தான் வடக்கே சென்றன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதத்தில் கெடா மாநிலம் சயாமின் கையில் ஒப்படைக்கப்பட்டது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

போர் முடிந்து கப்பல் மீண்டும் வந்தபோது படப்பெட்டிகளும் வந்தன. ஏனையோர் போர்க்காலத்தில் பார்த்துச் சிரித்த படங்களை நம்மவர் போருக்குப் பின் பார்த்தார்கள். பாயில் பக்கத்து இடம் காலியாக இருந்த குடும்பங்கள் எத்தனையோ. அண்ணனைச் சயாமில் இழந்த தங்கையும், கணவனைப் பறிகொடுத்த பெண்ணும் ‘ஹரிதாஸ்’ பாட்டைக் கேட்டு அழுதிருப்பார்கள். கலைவாணரைக் கண்டு சிரித்தும் இருப்பார்கள். அந்தச் சிரிப்பைக் குறைவாக எண்ணக்கூடாது. துக்கத்தை மறந்தவர்களின் சிரிப்பன்று அது. துக்கத்தைச் சுமந்துகொண்டே நாளைக்கு வேலைக்குப் போகவேண்டியவர்களின் சிரிப்பு.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய அனுபவமும் அன்று. அமெரிக்காவின் ஹாலிவுட்டிலும் போர்க்காலத்தில் பாட்டும் நடனமும் சிரிப்பும் கலந்த படங்கள் ஏராளமாக வந்தன. அங்கும் தட்டுப்பாடு இருந்தது. ஒரு படத்தின் அரங்க அமைப்புக்குப் புதுப் பொருள்கள் 5,000 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1942ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த ‘ஹாலிடே இன்’ என்ற படத்தில் பிங் கிராஸ்பி, பனி பெய்யும் கிறிஸ்துமஸ் நாளைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். வெயில் கொளுத்தும் அந்நிய நாடுகளில் கிடந்த சிப்பாய்கள் அந்தப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள். 1944ஆம் ஆண்டில் ஜூடி கார்லண்ட் நடித்த ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ வந்தது. அது 1903ஆம் ஆண்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை. போரைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. போருக்கு ஆதரவாகவும் படம் எடுக்கும்படி அரசுகள் தூண்டின. தமிழிலும் 1945ஆம் ஆண்டில் ‘மானசம்ரட்சணம்’, ‘பர்மா ராணி’ ஆகிய படங்கள் வந்தன. திறமைசாலிகள் எடுத்த படங்கள்தாம். ஆனால் இன்று அவற்றை நினைவுகூர்பவர் சிலரே. போரைப் பற்றிப் பேசிய படங்கள் போரோடு போயின. வீட்டைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும், எசமான் வேலைக்காரன் கூத்தைப் பற்றியும் பேசிய படங்கள் நின்றன.

ஏன் நின்றன? பகைவன் மாறுவான், கொடி மாறும், காசில் அச்சிடும் படமும் மாறும். கெடா மக்கள் நான்கே ஆண்டுகளில் இவை அத்தனையும் மாறக் கண்டவர்கள். ஆனால் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் மனிதன் எல்லாக் காலத்திலும் இருக்கிறான். தாய் தந்தையைப் புறக்கணித்துப் பிறகு வருந்தும் மகன் எல்லா ஊரிலும் இருக்கிறான். பாட்டுக்கோ இயந்திரம் வேண்டியதில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும்; தாலாட்டாக, வெட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுப்பாக, அது வாய்க்கு வாய் போய்விடும்.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உருவத்தைக் கேலி செய்யும் சிரிப்பும், பெண்ணை மட்டம் தட்டும் பேச்சும் அக்காலப் படங்களில் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அரிசியைக் களைந்து கல்லைப் போக்கிச் சமைப்பதில்லையா? அதுபோலத்தான்.

இன்று பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். திடலில் கட்டிய வெள்ளைத் துணி மறைந்து, அந்தப் படங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. சயாமுக்குப் போய் மீண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நேயர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்காரவைத்து ‘சபாபதி’யையோ ‘ஹரிதாஸை’யோ போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும், ‘இதை முதலில் எங்கே பார்த்தீர்கள்? அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத உங்கள் குடும்பத்துச் சரித்திரம் அந்தப் பதிலில் கிடைக்கலாம்.