ஆங்கிலம் பேசக் கூசும் மாணவர்

ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கட்டுரையைப் பெரும்பிழையின்றி எழுதித் தரும் மாணவனை எழுப்பி, "உன் ஊரைப் பற்றி நான்கு வாக்கியம் ஆங்கிலத்திற் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். நெற்றி வியர்க்கும், பார்வை தரையிற் படியும், தெரிந்த சொல்லும் மறந்துபோகும். இதனை அறியாமை என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையிற் கழித்த எனக்கோ, இது பெரும்பாலும் அச்சமேயன்றி அறியாமையன்று என்று தோன்றுகிறது.

இவ்வச்சம் நம் பிள்ளைகளுக்கே உரியதும் அன்று. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையாரும் உடனாய்வாளர் இருவரும், வேற்றுமொழி வகுப்பில் எழும் அச்சத்தை அளந்தறிய 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். அவர்கள் ஆராய்ந்தது ஸ்பானிய மொழி பயின்ற அமெரிக்க மாணவரை! ஆங்கிலம் சரளமாக வழங்கும் நாட்டினரும் மற்றொரு மொழியின் முன்னே நாக்குழறி நிற்கக் காண்கிறோம்.

நம் மாணவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. "நேற்று நான் சந்தைக்குப் போனேன்" என்னும்போது தமிழில் வினை இறுதியில் வருகிறது. அதுவரை யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினை வந்து நிற்க வேண்டும். எழுதுகையில் அடித்துத் திருத்தலாம். பேச்சில் அழிப்பான் ஏது?

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சந்தைக்குப் போன செய்தியை ஆங்கிலத்திற் கூற முற்பட்டான். 'வென்ட்' என்னாமல் 'கோட்' என்றான். அது ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல் ஒலிக்கவே, பின்வரிசையில் ஒருவன் "மே" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முதல் அவனுக்கு 'ஆடு' என்பதே பெயராயிற்று. பள்ளியிறுதி வரை அவன் என் வகுப்பில் ஆங்கிலத்திற் பேசவேயில்லை.

அவன் செய்த பிழைதான் என்ன? இறந்தகாலத்துக்கு 'எட்' சேர்க்க வேண்டுமென்று நான் கற்பித்த விதியை, ஒழுங்காக 'கோ' என்னும் சொல்லுக்கும் பொருத்தினான். இங்கிலாந்துக் குழந்தைகளும் தம் தாய்மொழியைப் பழகும் பருவத்தில் இவ்வாறே சொல்வதுண்டு. பாடத்தை அவன் உள்வாங்கியதற்குச் சான்றான ஒன்றை நான் நகைப்புக்கு இடமாக்கினேன்.

இடைமறித்துத் திருத்தாமல், "ஓ, யூ வென்ட் டு தி மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று கேட்டிருந்தால் போதும். சரியான வடிவம் அவன் காதில் விழும், பேச்சும் அறுபடாது. வேறொன்று, காத்திருத்தல். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடியே பொறுக்கிறார் என்றும், அதனை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீளுகின்றன என்றும் மேரி பட் ரோ அம்மையார் 1974-இல் எழுதினார். அவர் கண்டது அறிவியல் வகுப்புகளில். அந்நிய மொழிக்கு இது இன்னும் பொருந்துமென்பது என் அனுபவம். வரிசைப்படி எழுப்புவதையும் நான் பிற்காலத்தில் விட்டுவிட்டேன். தன் முறை எப்போது வருமென்று எண்ணிக்கொண்டிருப்பவன் செவியில் பாடம் ஏறுவதில்லை. முதலில் பக்கத்திலிருப்பவனிடம் தாழ்ந்த குரலிற் சொல்லிப் பார்க்கச் செய்து, பிறகே வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். இரைச்சல் மிகும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பல ஆண்டுகள் கழித்து, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் தம் மகளைச் சேர்க்க அந்தச் சிறுவர் வந்தார். விண்ணப்பத்தை அழகிய ஆங்கிலத்தில் நிரப்பித் தந்தார். அருகிலிருந்த ஆசிரியை அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ வினவினார். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தமிழில் விடை கூறினார்.