சிறு பண்ணைகளும் டிஜிட்டல் கருவிகளும்

உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பண்ணைகள் உள்ளன என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவன ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட மதிப்பீடாகும். இவற்றுள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை குடும்பப் பண்ணைகள். 84 சதவீதப் பண்ணைகள் 2 ஹெக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. டிஜிட்டல் தொழில் நுட்பம் இவற்றைச் சென்றடைவது விவசாயியின் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததன்று. கருவியின் விலையைப் பண்ணையின் வருவாய் தாங்குமா என்பதே முதற் கேள்வி.

இதற்கு நெதர்லாந்து நல்லதோர் எடுத்துக்காட்டு. தானாகவே பால் கறக்கும் எந்திரம் 1992-ல் அந்நாட்டுப் பண்ணைகளில்தான் முதன்முதலாக நிறுவப்பட்டது. ஓர் எந்திரம் ஏறத்தாழ 60 பசுக்களைக் கவனிக்கும். கூலி மிகுந்த அந்நாட்டில், நாள்தோறும் குடும்பத்தினரே செய்துவந்த கறவை வேலையை அது ஏற்றுக்கொண்டது. மந்தை பெரிதாக இருந்தமையால் விலையும் கட்டுப்படியாயிற்று.

இந்தியாவின் நிலை வேறு. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இங்குச் சராசரிப் பண்ணையின் பரப்பு 1.08 ஹெக்டேர், சிறு, குறு விவசாயிகளின் பண்ணைகள் 86 சதவீதம். இரண்டு மாடு வைத்திருப்பவர் விலையுயர்ந்த கருவியை வாங்க இயலாது. ஆயினும் அவர் அதன் பயனைப் பெறலாம். பால் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் மின்னணுக் கருவி பாலை எடைபோட்டு, கொழுப்புச் சத்தை அளந்து, உடனே சீட்டு அச்சிட்டுத் தருகிறது. கருவி சங்கத்துக்கு உரியது. அளவு பற்றிய நம்பிக்கை உறுப்பினருக்குக் கிடைக்கிறது. இதே அடிப்படையில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன்களை வழங்கி, விவசாயிகளுக்கு வாடகைக்கு விடச் செய்யும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது.

பதிவேட்டில் யார்?

கருவியைப் பகிர்வது மட்டும் போதாது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் வேளாண்மை இயக்கம், விவசாயி ஒவ்வொருவருக்கும் நில ஆவணத்துடன் இணைந்த அடையாள எண்ணை வழங்க வகை செய்கிறது. உதவித் தொகையும் கடனும் உரியவருக்குத் தாமதமின்றிச் சேர இது உதவும். ஆனால் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரின் பெயர் நில ஆவணத்தில் இருப்பதில்லை. கணவன் பெயரில் உள்ள நிலத்தில் உழைக்கும் பெண்ணின் நிலையும் இதுவே. பழைய ஏட்டில் விடுபட்டவர் கணிப்பொறியிலும் விடுபடுவார். ஆகவே, பயிரிடுவோரை நேரில் கண்டறிந்து பதிவு செய்யும் கிராம அளவிலான பணியே இத்திட்டங்களின் வெற்றிக்கு அடித்தளமாகும்.