கனிமந் தேடுவோர்க்குப் பயிற்சி

ஐதராபாத் நகரின் மேற்கே உள்ள கச்சிபௌலி இன்று கணிப்பொறி நிறுவனங்களால் பெயர் பெற்ற இடம். ஆயினும் அவ்விடத்தின் பழங்குடிகள் பாறைகளேயாம். ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து அடுக்கி வைத்தாற்போன்று நிற்கும் உருண்டைக் கற்களை அங்குச் செல்வோர் யாவரும் காண்பர். ஏதோ ஒரு பெருவெள்ளம் உருட்டிக் கொணர்ந்து இட்டவை அவை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பாய் இருந்து இறுகிய கிரானைட்டுப் பாறை, மேலிருந்த பாறைகள் தேய்ந்து நீங்கியபின் வெளிப்பட்டது. அதன் வெடிப்புக்கள் வழியே மழைநீர் இறங்கிற்று. சதுரக் கட்டியொன்றின் முகத்தை நீர் ஒருபுறமிருந்தே தாக்கும். விளிம்பை இருபுறமிருந்து தாக்கும். மூலையையோ மூன்று புறமிருந்தும் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் உளுத்து உதிர, உள்ளிருக்கும் கல் உருண்டையாக எஞ்சுகின்றது. கச்சிபௌலிக் கற்கள் உருண்டு வந்தவையல்ல. பிறந்த இடத்திலேயே உருண்டையானவை.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. கனிமந் தேடப் புறப்படும் இளைஞன் தன் கையில் அகப்பட்ட கல்லைப்பற்றி முதன்முதற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இது வந்த கல்லா, இருந்த கல்லா? ஆந்திரப் பிரதேசத்தின் வஜ்ரகரூர்ப் பகுதியில் மழை பெய்து ஓய்ந்ததும் மக்கள் வயல்களிற் குனிந்து வைரம் தேடுவது இன்றும் நடைபெறுகின்றது. அகப்படும் வைரம் வந்த கல். அதனை ஆழத்திலிருந்து மேலே கொணர்ந்த கிம்பர்லைட்டுப் பாறைக் குழாயே மூலம். வைரத்தைக் கண்டெடுப்பது நற்பேறு. குழாயைக் கண்டுபிடிப்பது கல்வி.

அக்கல்வி எங்கே, எவ்வாறு அளிக்கப்படுகின்றது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் ஐதராபாத் நகருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1974-இல் நிறுவப்பெற்ற ஐதராபாத் பல்கலைக்கழகம் கச்சிபௌலியிலேயே உள்ளது. புவி, கடல், வளிமண்டலம் ஆகியவற்றின் அறிவியல்களுக்கென அங்கு ஒரு மையம் உண்டு. காளான் வடிவில் நிற்கும் பெயர்பெற்ற பாறையொன்றும் அவ்வளாகத்தில் உள்ளது. நகரின் கிழக்கே உப்பலில் 1961-இல் தொடங்கப்பெற்ற தேசியப் புவிப்பௌதிக ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. யுரேனியம் முதலியவற்றைத் தேடும் அணுக்கனிம இயக்ககத்தின் தலைமையிடம் பேகம்பேட்டை. 1958-இல் உருவான தேசியக் கனிம வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகமும் இந்நகரிலேதான். இவை எல்லாவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது, பண்டலகூடாவில் உள்ள இந்திய நிலவியல் ஆய்வுத்துறைப் பயிற்சி நிறுவனம். இது 1976-இல் ஏற்பட்டது. மத்தியத் தேர்வாணையத்தின் நிலவியலாளர் தேர்வில் வென்று ஆய்வுத்துறையிற் சேரும் பட்டதாரிகள் முதலில் இங்குதான் வருகின்றனர்.

ஆய்வுத்துறை பிறந்தது 1851-இல். ஆயின் முதல் இந்தியப் பயிலுநரான ராம்சிங் சேர்ந்தது 1873-இல். தரவரிசைப் பதவியில் முதல் இந்தியராகப் பி. என். போஸ் 1880-இல் அமர்ந்தார். மயூர்பஞ்சு இரும்புத் தாதுவைப்பற்றி 1904-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா குடும்பத் தொழிலகத்தாருக்கு எழுதித் தெரிவித்தவர் அவரே. ஜாம்ஷெட்பூர் எஃகாலைக்கு அடிகோலிய செய்தி அது. உள்நாட்டார்க்குப் பயிற்சி அளிக்கத் தயங்கிய ஆண்டுகளில் நாடு இழந்தது எவ்வளவு என்பதை இதைக்கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம்.

பண்டலகூடா வகுப்பறையிற் பாடம் முடிந்ததும் பயிற்சியாளர் களத்துக்கு அனுப்பப்படுகின்றனர். கருநாடகத்தின் சித்திரதுர்க்கம், இராஜஸ்தானத்தின் ஜாவர் முதலிய இடங்களிற் களப்பயிற்சி நிலையங்கள் உள. சுத்தியல், திசைகாட்டி, நிலப்படம், குறிப்பேடு ஆகிய நான்கே கருவிகள். பாறைப் படுகை எத்திசையில் நீண்டு செல்கின்றது, எப்பக்கம் எத்துணைப் பாகை சாய்கின்றது என்று அளந்து குறிப்பதே முதற் பயிற்சி. இதனைப் பள்ளி மாணவர்க்கு விளக்க ஓட்டுவீட்டுக் கூரையைக் காட்டினாற் போதும். முகட்டுவளை செல்லும் திசை படுகையின் போக்கு. மழைநீர் வடியும் திசை அதன் சாய்வு. (போக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டிரைக்' என்னும் சொல்லை 'வேலைநிறுத்தம்' என்று பெயர்த்த படியொன்று ஒருமுறை என் மேசைக்குத் திருத்தத்திற்கு வந்தது. பாறையும் வேலைநிறுத்தம் செய்யும்போலும்!)

சித்திரதுர்க்கத்தை அடுத்த மரடிஹள்ளியில் தலையணைகளைக் குவித்தாற்போன்ற கரும்பாறை ஒன்று உண்டு. தேசிய நிலவியற் சின்னமாகக் காக்கப்படுவது. நீரடியிற் பீறிட்ட எரிமலைக் குழம்பு சட்டெனக் குளிர்ந்து பொதிபொதியாக உறைந்ததால் ஏற்பட்ட வடிவம் இது. ஒவ்வொரு பொதியின் மேற்புறமும் குவிந்திருக்கும். அடிப்புறமோ கீழுள்ள இரு பொதிகளின் இடுக்கில் வால்போல் இறங்கியிருக்கும். பின்னாளில் நிலம் மடிந்து படுகைகள் செங்குத்தாய் நின்றாலும், கவிழ்ந்தே போனாலும், வால் இருக்கும் பக்கமே பழைய அடிப்பக்கம் என்று துணியலாம். இதைப் பிழைபடக் கொண்டால் முந்திய பாறை பிந்தியதாகிவிடும். தாது தாங்கிய படுகை கிழக்கே இறங்குவதாக எண்ணி மேற்கே துளையிட நேரும். ஒரு துளைக்கு ஆகும் செலவை அறிந்தோர் இதன் பொருளை உணர்வர். நூலிற் படம் பார்த்து இப்பாடத்தை ஒப்பிக்கலாம். ஆனால் வெயிலில், பாசியும் புழுதியும் படிந்த பாறையில் அந்த வாலை இனங்காண்பதற்கு, முன்னரே கண்ட ஒருவர் அருகில் நின்று விரல் வைத்துக் காட்டவேண்டும்.

துளையிடும் இடத்திலும் அவ்வாறே. துளைப்பொறி நிலத்துள்ளிருந்து கல்லை நீண்ட உருளையாக எடுத்துத் தருகின்றது. அதனைப் பெட்டியில் வரிசை குலையாமல் அடுக்கி ஆழத்தைக் குறித்தல் வேண்டும். மூன்று மீட்டர் துளைத்து 2.4 மீட்டர்க் கல்லே கைக்கு வந்தால் மீட்பு 80 விழுக்காடு; எஞ்சிய 60 சென்டிமீட்டர் தூளாகி நீரோடு போயிற்று என்பது கருத்து. தாது பெரும்பாலும் நொறுங்கிய பகுதிகளில் அமைவதால், தொலைந்த பகுதியே தேடிய பொருளாயிருத்தல் கூடும். கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு மீட்டர்க் கல்லில் தாமிரம் 2 விழுக்காடு, அடுத்த மூன்று மீட்டரில் 0.4 விழுக்காடு எனக் கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும் மாணவன் 1.2 என்பான். நீளத்தால் பெருக்கிக் கூட்டி மொத்த நீளத்தால் வகுத்தால் விடை 0.8 மட்டுமே. இல்லாத செல்வத்தை உண்டென்று காட்டுவது முதற்கணக்கு.

ஆய்வு படிப்படியாக முன்னேறுவது. மேலோட்டம், முதனிலை, பொதுநிலை, விரிநிலை என நான்கு படிகள். அவை ஜி-4 முதல் ஜி-1 வரை எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. 2023 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரத்தின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக அறிவிக்கப்பட்டது ஜி-3 நிலையில் ஊகிக்கப்பட்ட அளவு. சில நாளிதழ்கள் அதனைக் களஞ்சியத்திற் குவித்த நெல்லைப்போல் எழுதின. அவ்வாண்டு நவம்பரில் ஏலத்துக்கு வைத்தபொழுது போதிய ஏலதாரர் முன்வரவில்லை. ஊகித்த அளவுக்கும் உறுதிப்பட்ட அளவுக்கும் உள்ள தூரத்தை அடிமேல் அடிவைத்துக் கடக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும்.

சுரங்கம் தோண்டுவோரின் பயிற்சி வேறு வழியிற் செல்கின்றது. தன்பாத்தில் 1926-இல் திறக்கப்பெற்ற சுரங்கப் பள்ளி 2016-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. தெலங்கானத்தில் சிங்கரேணி நிலக்கரியின் தலைமையிடமாகிய கொத்தகூடத்திலும் 1978 முதல் சுரங்கக் கல்வி நடைபெற்று வருகின்றது. அந்நிலக்கரியை எல்லந்து அருகே 1871-இல் கண்டறிந்தவர் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங். சர்தார், ஓவர்மேன், மேலாளர் என ஒவ்வொரு பொறுப்புக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. நிலத்தடியில் வேலைசெய்த அனுபவமின்றி அது கிட்டாது. கடுமை மிகையோ என ஐயுறுவோர் 1975 டிசம்பர் 27-ஆம் நாளை நினைக்கவேண்டும். அன்று தன்பாத்தை அடுத்த சாஸ்நாலாவில், கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கிய நீர் சுரங்கத்துள் உடைத்துப் பாய்ந்து 375 பேர் மாண்டனர். பழைய குடைவின் எல்லை எது, இடையில் எத்துணைத் தடிப்பில் நிலக்கரிச் சுவர் நிற்கின்றது என்பதை வரைபடத்தில் அறிந்து காப்பது சுரங்கத்தில் உயிர்காக்கும் தொழில்.

இப்பொழுது தேவை பெருகியுள்ளது. தேசிய அருங்கனிம இயக்கத்துக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2024-25 முதல் 2030-31 வரை 1,200 ஆய்வுத் திட்டங்களை நடத்துமாறு நிலவியல் ஆய்வுத்துறைக்குப் பணிக்கப்பட்டுள்ளது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி தகுதிபெற்ற தனியார் ஆய்வு நிறுவனங்களும் இதில் ஈடுபடுகின்றன. வானூர்தி அளவைகளும் செயற்கைக்கோட் படங்களும் கணிப்பொறியும் இன்று துணைநிற்கின்றன. அவை தேடும் பரப்பைச் சுருக்கித் தரும், ஐயமில்லை. சுருங்கிய பரப்பில் இறங்கி நடப்பவர் யார்? கோலார்த் தங்கவயலின் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் பெற்றிருந்த கைத்திறன், 2001 பிப்ரவரியில் அச்சுரங்கம் மூடப்பட்டபொழுது ஊர்தோறும் சிதறிற்று. எழுதிவைக்கப்பெறாத அறிவு அது. ஓய்வுபெறும் நிலவியலாளரோடும் இத்தகைய அறிவு வெளியேறுகின்றது. அனுபவமிக்க களப்பணியாளர் ஒவ்வொருவருடனும் ஓர் இளைஞரையாவது ஒரு பருவம் முழுதும் சேர்த்தனுப்புவது செலவு எனக் கருதப்படலாகாது என்பது இவ்வெழுத்தாளனின் கருத்து.

ஆசிரியர்கள் இதற்காகச் சித்திரதுர்க்கம் செல்லவேண்டுவதில்லை. சென்னையை அடுத்த பல்லாவரத்தின் சார்னோக்கைட்டு, சேலத்தின் வெண்ணிற மாக்னசைட்டு, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஆகியவை அருகிலேயே உள. கிணறு வெட்டும் இடமும் சாலைக்காகக் குன்றை அறுத்த இடமும் நல்ல வகுப்பறைகள். வெடிவைக்கும் கல்லுடைப்புக் குழிகளுக்குள் மட்டும் மாணவரை இட்டுச் செல்லற்க. ஒவ்வொரு மாணவனும் ஒரே ஒரு கல்லை எடுத்து, கிடைத்த இடம், நாள், அது பாறையிலிருந்து பெயர்த்ததா, தரையிற் கிடந்ததா என்னும் மூன்றையும் சிறு தாளில் எழுதிக் கல்லோடு கட்டிவைக்கட்டும். மறுவாரம் வேறொரு மாணவன் அத்தாளை மட்டும் கையிற்கொண்டு சென்று அவ்விடத்தைக் கண்டுபிடிக்க முயலட்டும். கண்டுபிடிக்க இயலாவிடின் தாளைத் திருத்தி எழுதச் சொல்லுக.