கொடுத்த கல்லீரல் மீண்டும் வளருமா?



தந்தையின் கல்லீரல் செயலிழந்துவிட்டது. மகனின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தலாம் என மருத்துவர் கூறுகிறார். அப்போது தாயின் உள்ளத்தில் எழும் அச்சம் ஒன்றுதான்: "பிள்ளை காலமெல்லாம் குறையுள்ளவனாகி விடுவானே!" இவ்வச்சம் எந்த அளவு சரியானது என்பதை அறிய, கல்லீரலின் செல்கள் எவ்வாறு கூடிப் பணியாற்றுகின்றன என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கல்லீரல் செல்கள் சாதாரண நாட்களில் மிக அரிதாகவே பிரிந்து பெருகுகின்றன. ஒரு பகுதி அகற்றப்பட்டதும், குடலிலிருந்து முழுக் கல்லீரலுக்கும் வந்துகொண்டிருந்த இரத்தம் எஞ்சிய பகுதிக்குள் மட்டுமே பாய்கிறது. இம்மாற்றத்தை உணரும் இரத்த நாளச் செல்களும், கல்லீரலின் காவல் செல்களும் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. அவற்றைப் பெற்ற கல்லீரல் செல்கள் முதலில் பெருகுகின்றன. பின்னர் நாளச் செல்கள் பெருகி, அப்புதிய செல்களுக்கிடையே இரத்தப் பாதைகளை அமைக்கின்றன. இம்முறை மாறினால் செல்கள் வெறும் குவியலாகவே நிற்கும்.

பெருகுவதைவிட வியப்பிற்குரியது, உரிய அளவில் நின்றுவிடுவதாகும். கல்லீரல் சிறுத்திருக்கும்போது அதன் ஒவ்வொரு செல்லுக்கும் வந்துசேரும் பித்த உப்புகளின் அளவு கூடுகிறது. அது வளரத் தூண்டுகிறது. கல்லீரல் வளர வளர அந்த அளவு குறைகிறது. வளர்ச்சியைத் தடுக்கும் செய்திகள் மேலோங்குகின்றன. உடலுக்குத் தேவையான அளவு எட்டியதும் வேலை நிற்கிறது. குழந்தைக்குப் பொருத்தப்பட்ட சிறு பகுதி, அக்குழந்தையுடன் சேர்ந்தே வளர்வதும் இதனால்தான்.

1931ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் எனும் ஆய்வாளர்கள் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி இவ்வளர்ச்சியை ஆராய்ந்தனர். 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாயின் கல்லீரல் பகுதி அவருடைய மகனுக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. 1998இல் டெல்லியில், தமிழகத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை தன் தந்தையிடமிருந்து இவ்வாறே பெற்று உயிர்பிழைத்தது.

எனினும் உண்மையை முழுமையாகக் கூறுதல் வேண்டும். வெட்டப்பட்ட பகுதி பழைய வடிவில் முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியே பெருத்து, சில மாதங்களில் பழைய அளவை நெருங்குகிறது. கொடுப்பவரின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தால் இவ்வாற்றல் குன்றும். மேலும், அது பெரிய அறுவை சிகிச்சை. கொடுப்பவருக்குச் சிறிதளவேனும் உயிராபத்து உண்டு.

மார்க்கத் தீர்ப்பிலும் இவ்விஷயம் தொடர்புடையது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தானாகவே மீண்டும் உருவாகும் உறுப்பை நிபந்தனைகளுடன் பிறருக்கு வழங்கலாம் எனத் தீர்மானித்து, இரத்தத்தையும் தோலையும் உதாரணம் காட்டியது. கல்லீரல் அவ்வுதாரணங்களில் இல்லை. உறுப்பு தானத்தில் மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர்.

ஆகவே சகோதரர்களே! இந்நிலை நேர்ந்தால் அறிந்த ஆலிமிடம் தீர்ப்பைக் கேளுங்கள். எவ்வளவு எஞ்சும், ஆபத்து யாது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கொடுப்பவர் மனமுவந்துதான் சம்மதித்தாரா என்பதை அவரிடமே தனிமையில் கேளுங்கள். கண்ணீராலும் வற்புறுத்தலாலும் பெறப்படும் சம்மதம் சம்மதமாகாது. மறுப்பவரைப் பழிக்கவும் வேண்டாம்.

நோயாளிகளுக்கு வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும், நமக்கு நேரிய முடிவெடுக்கும் ஆற்றலையும் தந்தருள்வானாக! ஆமீன்.