அரிசிப் பையும் அரசாணையும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இப்படியொரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம். கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் என நூறு, நூற்றைம்பது பெண்களுக்கு முன்கூட்டியே டோக்கன் கொடுத்திருப்பார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், ஒரு சேலை. எல்லாம் நன்கொடையாளர் பெயர் அச்சிட்ட பையில் இருக்கும். சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருந்து, மேடையேறி, போட்டோவுக்கு நின்று, பையை வாங்கிக்கொண்டு இறங்க அரை நாள் போய்விடும். கொடுப்பவர்களின் மனசில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரிசி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கும் பொறுப்போ பதினைந்து, இருபது வருஷத்துக்குத் தீராது. ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுக்காக நடத்தப்படும் ஓர் உள்ளூர் அறக்கட்டளையின் முதல் வேலை பொருள் வழங்குவதாக இருக்கக் கூடாது. சட்டப்படியும் அரசாணைப்படியும் அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டியதை வரவழைப்பதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இந்தக் குடும்பங்கள் எத்தனை என்று பார்ப்போம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியக் குடும்பங்களில் 4.5 சதவீதம் தாய் மட்டுமே நடத்துபவை, ஏறத்தாழ 1.3 கோடி வீடுகள். இதைவிடக் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. தாய்வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஒண்டியிருக்கும் தனித்தாய்மார் மேலும் 3.2 கோடிப் பேர். கூட்டுக் குடும்பத்துக்குள் மறைந்திருப்பதால் எந்தப் பட்டியலிலும் இவர்கள் தனியாகத் தெரிவதில்லை. தாய் மட்டும் இருக்கும் வீடுகளில் வறுமை 38 சதவீதம் என்றும், இருவரும் இருக்கும் வீடுகளில் 22.6 சதவீதம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் ஒரு வருமானம் குறைந்தது மட்டுமன்று. சம்பாதிக்கப் போக வேண்டியவரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்க வேண்டியவரும் ஒரே ஆள். அதனால் பணத்தோடு நேரத்துக்கும் இங்கே பஞ்சம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் சத்துணவுக்கென்று வந்ததுதான். ஆனாலும் விடிகாலையில் மில்லுக்கோ பூ மார்க்கெட்டுக்கோ கிளம்பும் தனித்தாய்க்கு அது ஒரு மணி நேரத்தையும் சேர்த்தே கொடுத்தது. உதவி என்றால் எதைக் கொடுக்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

இவர்களுக்கென்று அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம் 1975 முதலும், கணவரால் கைவிடப்பட்டோருக்கான திட்டம் 1986 முதலும் இருக்கின்றன. மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவில், தாய் விதவையாகவோ மணமுறிவு பெற்றவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. கணவர் உயிரோடு இருந்து கைவிட்டிருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சொல்லிவிட்டது. அதாவது, மனு போடத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம்.

பிறகு ஏன் இந்த உதவிகள் பலருக்குப் போய்ச் சேரவில்லை? இருபத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் இன்னும் கணவர் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்கலாம், அல்லது தனிக் கார்டு கேட்கலாம். தாயின் கார்டில் சேர்ந்தால், ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் வரும் மகளிர் உரிமைத் தொகையை ஏற்கெனவே தாயோ அண்ணியோ வாங்கிக்கொண்டிருப்பார். கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் கேட்கப் போனால், வயது முப்பது ஆகியிருக்க வேண்டும். பிரிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றப் பிரிவு ஆணை காட்ட வேண்டும். அதே வயதில் கணவரை இழந்த பெண்ணுக்கு வேறு மாதிரிச் சிக்கல். மத்திய அரசின் விதவை ஓய்வூதியத்துக்கு 40 வயது ஆக வேண்டும் என்பதை யாரோ சொல்லக் கேட்டு, 18 வயது முதலே பொருந்தும் மாநிலத் திட்டம் இருப்பது தெரியாமல் திரும்பிவிடுவார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று என ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படிகள். நூறு நாள் வேலையின் கூலியே 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய். தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை நடந்தால் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகமாகக் கூலி போய்விடும். திட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் அறக்கட்டளை எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு சிறு ஊர் அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் நன்கொடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய்ப் பை என்றால் 250 குடும்பங்களுக்கு ஒரு முறை கொடுக்கலாம், அத்தோடு சரி. அதே பணத்தில் பகுதி நேரப் பணியாளர் ஒருவரை மாதம் 10,000 ரூபாய்க்கு அமர்த்தினால் ஆண்டுக்கு 1.2 லட்சம். பஸ், ஜெராக்ஸ், இ-சேவைக் கட்டணத்துக்கு 20,000. மீதி 60,000 அவசர நிதிக்கு. அந்தப் பணியாளர் ஓர் ஆண்டில் இருபது பேருக்கு மட்டும் ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தால், மாதம் 1,200 என்ற கணக்கில் ஆண்டுக்கு 2.88 லட்சம். வேறு ஐந்து குழந்தைகளுக்கு வாத்சல்யா நிதி கிடைத்தால் இன்னும் 2.4 லட்சம். இரண்டு லட்சம் செலவில் ஐந்து லட்சத்துக்கு மேல் அந்த வீடுகளுக்குப் போகிறது. தகுதி இருக்கும்வரை அடுத்த ஆண்டும் போகும். வாத்சல்யா நிதி மாவட்ட ஒதுக்கீட்டைப் பொறுத்தது. எல்லா மனுவும் ஜெயிக்காது. பாதிதான் கைகூடியது என்றாலும் பையைவிடக் கணக்கு மேலாகவே நிற்கும்.

அப்படியானால் நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு என்பது அடிப்படை. யார் யார் இருக்கிறார்கள், என்ன சான்று இருக்கிறது, எது இல்லை, எந்த மனு எந்தத் தேதியில் போடப்பட்டது, ஒப்புகைச் சீட்டு எண் என்ன, எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தால், பணியாளர் மாறினாலும் வேலை நிற்காது. ஆபீஸ் திறக்கும் நேரம் அந்தப் பெண்களின் வேலை நேரத்துக்கு ஏற்ப மாலையாகவோ ஞாயிறாகவோ இருக்க வேண்டும். காலை பத்து முதல் ஐந்து வரை திறந்து வைத்தால் வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள். எங்கேனும் ஒரு மூலையில் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத இடமிருந்தால், தாய் நிதானமாகப் பேசுவார். பால்வாடி மூடிய பிறகு வேலை முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்ய முடிந்த அறக்கட்டளை, பணத்துக்கு ஈடான ஒன்றைக் கொடுக்கிறது. மனைவியை இழந்த தகப்பன்களும் இதே கதவைத் தட்டலாம் என்று வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். விதவை ஓய்வூதியம்போல அவர்களுக்கென்று ஒன்று இல்லை, கேட்கவும் கூச்சப்படுவார்கள். குழந்தைகளோடு பழகும் இடம் என்பதால், பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம் என்பதைப் பணியாளர், தொண்டர் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் நியாயமானது ஒன்று உண்டு. பசி இன்றைக்கு, ஓய்வூதியம் ஆறு மாதம் கழித்து; நடுவில் என்ன செய்வது? அதற்குத்தான் அவசர நிதி. வாடகை பாக்கியில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிச் சேர்க்கை என்று காரணங்களையும், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பையும் முன்கூட்டியே எழுதி, இரண்டு அறங்காவலர் கையெழுத்தில் இரண்டு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அரிசிப் பை தேவைப்படும் நாளும் உண்டு. அது டோக்கன் போட்டுக் கொடுக்கும் நாளாக இருக்க வேண்டியதில்லை. 1,200 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாதுதான். ஆனால் அதற்காகத் திரட்டும் சான்றுகள் மற்ற கதவுகளையும் திறக்கும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரம், மணியம்மையார் பெயரிலான விதவையர் மகள் திருமண உதவி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் வயதுச் சலுகை என ஒவ்வொன்றும் இந்தக் காகிதங்களில் ஏதாவதொன்றைத்தான் கேட்கிறது.

நன்கொடையைச் சம்பளமாகக் கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. நம்மிடையே தருமப் பணத்தில் ஊதியம் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் இருக்கிறது. பொருளாகக் கொடுத்தால் முழுதும் ஏழைக்குப் போகிறது, சம்பளம் என்றால் வீண் என்பது அந்தக் கணக்கு. மனு எழுதத் தெரிந்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் கூட நின்று, மூன்றாவது முறையும் விடாமல் கேட்கும் ஒருவரின் உழைப்புதான் இங்கே கொடுக்கப்படும் பொருள். தன்னார்வத் தொண்டர்கள் நல்லவர்கள். ஆனால் பரீட்சை வந்தால், வீட்டில் விசேஷம் வந்தால் காணாமல் போவார்கள். கோப்பு அவர்களுக்காகக் காத்திருக்காது. சம்பளம் எவ்வளவு என்பதை மறைக்காமல் ஆண்டறிக்கையில் எழுதி, கணக்கைத் தணிக்கை செய்து காட்டினால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இது புரோக்கர் வேலை ஆகிவிடாதா என்ற பயமும் நியாயமானதே. தாலுகா ஆபீஸ் வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு போட்டுத் தருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வித்தியாசம் மூன்று விதிகளில் இருக்கிறது. அறக்கட்டளை எவரிடமும் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், அசல் ஆவணம் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படியையும் அந்தப் பெண்ணைக் கூட வைத்தே செய்து, அடுத்த மனுவை அவரே போடும் அளவுக்குப் பழக்க வேண்டும். அரசு செய்ய வேண்டியதைத் தனியார் செய்தால் அரசின் பொறுப்பு தளர்ந்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. யோசித்தால் நிலைமை நேர்மாறு. பை கொடுக்கும்போதுதான் அரசு தப்பித்துக்கொள்கிறது. மனு போடும்போது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இன்னொரு பேச்சு அடிக்கடி காதில் விழுவது: இப்படி உதவினால் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு வருவதற்கு ஊக்கம் கொடுத்த மாதிரி ஆகும், சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளட்டும். மாதம் 1,200 ரூபாய்க்காகப் புருஷனை விட்டு வருவார்கள் என்று நம்புபவர்கள் அந்தத் தொகையில் ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். கணவர் இறந்துபோன பெண்ணுக்கு இந்த வாதம் பொருந்தவே இல்லை. சொந்தபந்தம் பார்த்துக்கொள்கிறதுதான், அந்த 3.2 கோடிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் கையில் தனக்கென்று ஒரு வருமானத்தோடு அண்ணன் வீட்டில் இருப்பதற்கும், ஒன்றுமில்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளே சாப்பாட்டு நேரத்தில் உணர்ந்துவிடும்.

கௌரவம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி விண்ணப்பம் முதல் வங்கிப் படிவம் வரை தந்தை பெயர் என்ற கட்டத்தின் முன்னால் இந்தத் தாய்மார் தயங்கி நின்றிருக்கிறார்கள். மணமாகாத தாய், தந்தை பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளராக மனுச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது; பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது; பான் கார்டிலும் 2018-இல் அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தது. அரசே இத்தனை தூரம் இறங்கி வந்த பிறகு, உதவி கேட்டு வருபவரின் கதையை மேடையில் சொல்ல வைத்து, பிள்ளையின் முகத்தோடு வாட்ஸ்அப்பில் போடுவது அறக்கட்டளைக்கு அழகில்லை. முகத்துக்குப் பதில் எண்களைக் காட்டலாம்: எத்தனை மனு போட்டோம், எத்தனை கிடைத்தது, சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று, எதனால் நிராகரிக்கப்பட்டது. நிர்வாகக் குழுவில் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே உட்கார்ந்தால் இந்த எண்களை யாரும் பூசி மெழுக முடியாது. ராஜஸ்தானின் ஏகல் நாரி சக்தி சங்கடன் விதவைகளும் கணவரைப் பிரிந்தவர்களும் தாங்களே சேர்ந்து கட்டிய அமைப்பு. பிரிட்டனில் 1970-இல் ஒரு தனித்தாய் தொடங்கிய ஜிஞ்சர்பிரெட் அமைப்பு இன்று முக்கியமாகச் செய்வது, அரசு உதவிகளும் ஜீவனாம்சமும் பெறுவதற்கு ஆலோசனை சொல்வதைத்தான்.

உள்ளூர் அறக்கட்டளையால் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது. பிரிந்து ஐந்து ஆண்டு ஆக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, பிள்ளைகள் சிறிசாக இருந்து செலவு அதிகமாகும் அந்த ஐந்து ஆண்டில் எவ்வளவு திறமையான பணியாளராலும் அந்த ஓய்வூதியத்தை எளிதில் வாங்கித் தர முடியாது. ஆனால் அந்த விதியால் தன் ஊரில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும் பதிவேடு, நாளை சட்டமன்ற உறுப்பினரிடமும் சமூக நலத் துறையிடமும் எடுத்துப் போகக்கூடிய ஆதாரம். விதி எங்கே இடறுகிறது என்பது கோப்பு வைத்திருப்பவருக்குத்தான் கோட்டையில் இருப்பவர்களுக்கு முன்பே தெரியும். நன்கொடை கொடுக்கப் போகிறவர்கள் இனி எத்தனை பை கொடுத்தீர்கள் என்று கேட்பதை விட்டு, எத்தனை கோப்பு முடித்தீர்கள், எத்தனை நிலுவையில் இருக்கிறது, ஏன் என்று கேட்டால், அறக்கட்டளைகள் தாமாகவே அந்த வழிக்கு வந்துவிடும்.