செடிக்கு ஒரு விளக்கு: கட்டும் முறையும் காக்கும் முறையும்

தமிழர் குடியேறும் ஊரிலெல்லாம் கறிவேப்பிலைச் செடியும் உடன் குடியேறுகிறது. ஆனால் வடநாட்டுக் குளிர் நமக்குப் பழகிவிடுவது போல அதற்கு எளிதில் பழகுவதில்லை. டிசம்பர் இறுதியில் சென்னையில் பகற்பொழுது ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். டில்லியிலோ 10 மணி 20 நிமிடமே. அதிலும் பாதியை மூடுபனி விழுங்கிவிடுகிறது. செடியை வெளியே விட்டால் குளிர். உள்ளே கொணர்ந்தால் இருள். இலை மஞ்சளித்து உதிர்வதைக் கண்டு வருந்தாத இல்லத்தரசியர் நம்மிடையே சிலரே. எனவே, வீட்டிலேயே செடி விளக்கு ஒன்று அமைக்கும் முறையை இங்கே கூற முற்படுகிறோம்.

இவ்விளக்கு குளிரைப் போக்காது என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். செடியை வீட்டினுள் வைத்துக் குளிரிலிருந்து காப்பது நம் கடமை. குறையும் ஒளியை ஈடுசெய்வது விளக்கின் கடமை.

தேவையான பொருள்கள்

கடைகளில் 5 மீட்டர் சுருளாகக் கிடைக்கும் 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. பட்டியே போதும். நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் செடி மிகுதியாக ஏற்கும். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல ஒளியின் ஒரு பகுதியைப் பாஸ்பரப் பூச்சினால் பிற நிறங்களாக மாற்றித் தருவது. அந்நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட, 14.4 வாட் எனக் குறிக்கப்பட்ட பட்டியை வாங்குக. மும்மூன்று விளக்குகளுக்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீ.க்கு ஒருமுறை, வெட்டுமிடம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்திலன்றி வேறிடத்தில் வெட்டலாகாது. இதனை 50 செ.மீ. துண்டுகள் எட்டாக வெட்டிக்கொள்க. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள அலுமினியத் தகடு ஒன்று, 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்று, 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று ஆகியனவும் வேண்டும்.

கம்பி இணைக்கும் முறை

எட்டுத் துண்டுகளும் சேர்ந்து 4 மீட்டர், 57.6 வாட். அதனை 12-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். பெட்டியின் ஆற்றலில் இது பாதிக்கும் குறைவு. ஆகவே பெட்டி சூடேறாமல் நெடுநாள் உழைக்கும்.

துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைத்தல் தவறு. பட்டியினுள் ஓடும் செம்பு மிக மெல்லியது. முழு மின்னோட்டமும் முதல் துண்டின் வழியே சென்றால் அது சூடேறும். கடைசித் துண்டு மங்கலாக எரியும். மாறாக, 1 சதுர மி.மீ. செம்புக் கம்பிகள் இரண்டைத் தகட்டின் ஓரமாக ஓட்டி, ஒவ்வொரு துண்டின் பிளஸ் முனையைப் பிளஸ் கம்பியிலும் மைனஸ் முனையை மைனஸ் கம்பியிலும் தனித்தனியே ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு துண்டிலும் 0.6 ஆம்பியரே செல்லும். ஃபியூஸைப் பெட்டியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே அமைக்க வேண்டும்.

வெட்டிய முனைகளில் தெரியும் செம்பு தகட்டில் பட்டால் குறுக்குமின்னோட்டம் உண்டாகும். ஒவ்வொரு முனைக்கும் சுருங்கு குழல் மாட்டி மறைத்தல் இன்றியமையாதது.

வெப்பம் எங்கே போகிறது?

எல்.இ.டி. குளிர்ந்த விளக்கு என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது ஏற்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. பட்டியிலுள்ள சிறு ரெசிஸ்டர்கள் மட்டுமே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை உண்டுவிடுகின்றன. குண்டு பல்பு போல இவ்வெப்பம் ஒளியோடு முன்புறம் வீசுவதில்லை. விளக்கின் முதுகு வழியாகவே வெளியேற வேண்டும். பட்டியை மரப்பலகையிலோ அட்டையிலோ ஒட்டினால் வெப்பத்திற்கு வழியில்லை. ஒளி மங்கும், பசை கழன்று பட்டி தொங்கும், விளக்கின் ஆயுள் குறுகும். அலுமினியமோ வெப்பத்தை வாங்கித் தன் மேனி முழுதும் பரப்பிக் காற்றில் விட்டுவிடும்.

நாம் கூறிய அளவுத் தகட்டின் இருபுறமும் காற்றுப்பட விட்டால், அறையின் வெப்பத்தைவிடச் சுமார் 10 முதல் 15 டிகிரியே கூடும், விசிறி வேண்டியதில்லை. அலமாரிக்குள் அமைப்பவர், கணிப்பொறியில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறு விசிறியை வைத்துத் தகட்டின் முதுகில் காற்றை ஓட்டுவதோடு, அது வெளியேற மேலே திறப்பும் விடல் வேண்டும். சோதனை எளிது: இரண்டு மணி நேரம் எரித்து, மின்சாரத்தை நிறுத்தியவுடன் தகட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ணுக. எண்ண முடியவில்லையேல் காற்றோட்டம் போதாது.

நீர் படாதிருக்க முகப்பில் மட்டும் சிலிகோன் பூசிய பட்டி நன்று. முழுவதும் குழாய்க்குள் அடைத்த பட்டி வெப்பத்தையும் அடைத்துவிடும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

12 வோல்ட் பகுதி தீண்டினால் தீங்கில்லை. 230 வோல்ட் பகுதி உயிரைக் குடிக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் உலோக மேனியை மூன்று முனைப் பிளக் வழியாக எர்த்துடன் கட்டாயம் இணைக்க வேண்டும். பெட்டியைச் செடிக்கு மேலேயோ தொட்டிக்கு அருகிலோ வையாமல், குழந்தைகட்கு எட்டாத சுவரில் பொருத்துக. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கிப் பின் மேலேறுமாறு விட்டால், வழிந்த நீர் கீழ்வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையேல் அதனை முதலில் பொருத்துக. 230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்வித்தல் அறிவுடைமை. அதற்கு அவர் கேட்கும் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணுவது சிக்கனமன்று.

விளக்கைச் செடியின் உச்சிக்கு மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிக்கலாம். பெட்டியில் நேரும் இழப்பையும் சேர்த்து மாதம் ஏறத்தாழ 24 யூனிட் செலவாகும். குளிர்காலத்தில் செடி குறைந்த நீரே குடிக்கும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. பங்குனியில் வெயில் திரும்பியதும் விளக்கைக் கழற்றி வைத்துச் செடியைச் சிறிது சிறிதாக வெளிவெயிலுக்குப் பழக்குதல் வேண்டும்.

செய்து பார்க்கும் அன்பர்கள் தம் அனுபவத்தை இப்பத்திரிகைக்கு எழுதுவார்களாயின், அடுத்த குளிர்காலத்தில் பலர்க்கும் பயன்படும்.