பிரெட்ரிக் கோட்டையும் கில்ட் அணிந்த படையும்

போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் வசமான திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையை 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். முற்றுகையில் ஆங்கிலேயர் தரப்பில் 72ஆம் ஹைலாண்டர் (மலைநாட்டவர்) படைப்பிரிவும் இருந்தது. சீஃபோர்த் பிரபு 1778இல் ஸ்கொட்லாந்தில் திரட்டிய படை அது. கோட்டைக்கு இன்றைய பெயர் 1803இல் வந்தது.

அப்படையின் உடையான கில்ட், ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்களின் உடை. இடுப்பைச் சுற்றி, பின்புறம் மடிப்பு வைத்து, முழங்கால்வரை தொங்கும். அதன் வண்ணக் கட்டங்களுக்கு டார்ட்டன் என்று பெயர். பார்வைக்கு நம் கட்டம் போட்ட சாரத்தை ஒத்திருந்தாலும், ஓர் உடைக்கு ஏறத்தாழ 7 மீற்றர் கம்பளித் துணி வேண்டும். திருகோணமலை வெயிலுக்குச் சற்றும் பொருந்தாதது! 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. தடை 1782 வரை நீடித்தது. படைவீரருக்கு விலக்கு இருந்ததால், கில்ட் பிழைத்ததில் படைகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஐரோப்பியச் சிப்பாய்கள் சிலர் இலங்கைப் பெண்களோடு குடும்பம் அமைத்தனர். அவர்களின் வழிவந்தோர் பறங்கியர், யூரேசியர் எனப்பட்டனர். திருகோணமலையின் பாலையூற்றுப் பகுதிப் பறங்கியரின் மரபு பெரும்பாலும் போர்த்துக்கேயம் சார்ந்தது. அது உடையில் அன்றி, போர்த்துக்கேயக் கலப்பு மொழியான கிரியோலிலும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலும் வாழ்கிறது. ஸ்கொட்லாந்து வேர் கொண்ட கலப்பு மரபினரோ, இன்று பல நாடுகளில் திருமண நாளில் முன்னோரின் டார்ட்டனை அணிகின்றனர். கில்ட் அணிய ஸ்கொட்லாந்துக் குடும்பப்பெயர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விரும்பிய எவரும் அணியலாம்.